எட்டு வாரக் கல்லூரி

1

கல்லூரிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் யாரைப் பற்றி எழுதுகிறார்கள்? நிறுவியவர், நிதி கொடுத்தவர், முதல்வர்கள், பேர் வாங்கிய பழைய மாணவர்கள். எந்தக் கல்லூரியின் நூற்றாண்டு மலரையாவது புரட்டிப் பாருங்கள். மாலை போட்ட படங்கள் வரிசையாக இருக்கும். கட்டடத்துக்குக் கல் சுமந்தவள், விடுதியில் சோறாக்கியவள், கக்கூஸ் கழுவியவன் - இவங்க படம் எங்கேயும் இருக்காது. கல்வியின் வரலாறு என்பது முன்வாசல் வழியாக வந்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது.

முன்வாசல்காரர்கள் விடுமுறைக்குப் போயிருந்த நேரத்தில் கல்லூரிக்குள் வந்தவர்களைப் பற்றி இங்கே எழுதப் போகிறேன். இடம் அமெரிக்கா, பென்சில்வேனியா மாநிலம், ஃபிலடெல்ஃபியா நகரத்தை ஒட்டிய பிரின் மார் பெண்கள் கல்லூரி. காலம் 1921 முதல் 1938 வரை. கோடை விடுமுறையில் எட்டு வாரங்கள் ஆலைப் பெண்களும் தையல் பட்டறைப் பெண்களும் அங்கே தங்கிக் கல்லூரிப் பாடங்களின் அரிச்சுவடியைப் படித்தார்கள்.

அமெரிக்கக் கதை நமக்கெதுக்கு என்று கேட்கலாம். ஒவ்வொரு ஆண்டும் மே மாதம் நாங்கள் சிலபேர் சேர்ந்து எங்கள் பக்கத்துக் காலனிப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தி வருகிறோம். பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குள் காலெடுத்து வைக்கப் போகிற பிள்ளைகள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப் போகிறவர்கள். சமுதாயக் கூடத்தில் பாய் விரித்து நடக்கிற வகுப்பு. இந்த மாதிரி வேலையை நமக்கு முன்னால் யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள், எங்கே முட்டி நின்றார்கள் என்று தேடியதில் அகப்பட்டதுதான் பிரின் மார். அதில் கற்றுக்கொள்ளவும் இருக்கிறது, காறித் துப்பவும் இருக்கிறது. இரண்டையும் சொல்ல வேண்டும்.

2

பிரின் மார் 1885 இல் தொடங்கப்பட்ட கல்லூரி. ஆண்களுக்குச் சமமான உயர்கல்வி பெண்களுக்கும் வேண்டும், முனைவர் பட்டம் வரைக்கும் வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற நிறுவனம். அந்தப் பிடிவாதத்துக்குப் பெயர் எம். கேரி தாமஸ். சொந்த நாட்டில் பெண்ணுக்கு இடம் தராததால் ஐரோப்பா போய், 1882 இல் ஜூரிச் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி வந்தவர். 1894 முதல் 1922 வரை கல்லூரியின் தலைவராக இருந்தார். பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடியவர். அமெரிக்கப் பெண்ணியத்தின் வரலாற்றில் அவருக்கு முன்வரிசையில் நாற்காலி உண்டு.

1918 இல் பிரிட்டனில் ஒரு பகுதிப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. 1920 இல் அமெரிக்காவிலும் சட்டமானது. பெண்கள் வாக்கு வாங்கியாச்சு, அடுத்து என்ன என்ற கேள்வி அவர் முன்னால் நின்றது. 1919-20 இல் மேற்கொண்ட நீண்ட பயணத்தின்போது சகாரா பாலைவனத்தில் ஒரு மாலை நேரத்தில் தனக்கு இந்த யோசனை உதித்ததாக அவரே பின்னால் சொன்னார். கோடை மாதங்களில் கல்லூரிக் கட்டடம் சும்மா கிடக்கிறது. நூலகம் சும்மா கிடக்கிறது. ஆலைப் பெண்களை அங்கே கொண்டு வந்து படிக்க வைத்தால் என்ன?

பாலைவனத்தில் உதித்த யோசனை என்பது மேட்டுக்குடி எழுதுகிற கதை. தொழிலாளர் பக்கத்தில் இந்தப் பசி ஏற்கனவே இருந்தது. நியூயார்க்கின் ஆயத்த ஆடைத் தொழிற்சங்கப் பெண்கள் தங்கள் சங்கங்களுக்குள்ளேயே இரவு வகுப்புகளைக் கேட்டு வாங்கி நடத்திக்கொண்டிருந்தார்கள். பெண்கள் தொழிற்சங்க லீகின் ரோஸ் ஷ்னைடர்மன் போன்றவர்கள், தையல் மெஷினில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள், இந்தக் கோடைப் பள்ளியின் திட்டமிடலில் பங்கெடுத்தார்கள். காலணி ஆலையில் வேலை பார்த்து, பிறகு அரசின் பெண் தொழிலாளர் துறைக்குத் தலைவரான மேரி ஆண்டர்சனும் இருந்தார். கொடுத்தவரின் பெயர் நிற்கிறது. கேட்டவர்களின் பெயர் அழிகிறது. தானம் என்று எழுதப்படுகிற எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கோரிக்கை இருக்கும். அதைத் தோண்டி எடுப்பது நம்ம வேலை.

3

1921 கோடையில் 82 பெண்கள் வந்தார்கள். ஹில்டா வொர்திங்டன் ஸ்மித் பள்ளியின் இயக்குநர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பொறுப்பில் இருந்தவர் அவர்.

சேர்வதற்கு என்ன தகுதி? கல்லூரிக்கான நுழைவுத் தேர்வு கிடையாது. ஆங்கிலம் வாசிக்க, எழுதத் தெரிய வேண்டும். தொடக்கக் கல்வி இருக்க வேண்டும். சில ஆண்டுகளாவது தொழிலில் இருந்திருக்க வேண்டும். கையில் தொழிற்கருவியோடு உழைக்கிறவளாக இருக்க வேண்டும், மேற்பார்வை செய்கிறவளாக இருக்கக் கூடாது. வந்தவர்களில் பலர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்த யூதப் பெண்கள், இத்தாலியப் பெண்கள். தையல், தொப்பி தயாரிப்பு, நெசவு, தொலைபேசி இணைப்பகம் என்று பல தொழில்கள். பதினாலு வயதிலோ அதற்கும் முன்போ பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்கு வந்தவர்கள் அநேகம்.

சாப்பாடு, தங்குமிடம், படிப்பு இவற்றுக்கு உதவித்தொகை உண்டு. ஊர்தோறும் இருந்த குழுக்கள், தொழிற்சங்கங்கள், பழைய மாணவிகள் பணம் திரட்டினார்கள். ஆனால் எட்டு வாரக் கூலியை யார் தருவது? திரும்பிப் போனால் வேலை இருக்குமா? கோடையில் படிக்கிறது என்பது நடுத்தர வர்க்கத்துக்கு விடுமுறையைப் பயனுள்ளதாக்கிக்கொள்ளும் விஷயம். கூலிக்காரிக்கு அது சூதாட்டம். நம் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். ஏப்ரல், மே என்றால் செங்கல் சூளை, கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை எடுக்கிற வேலை, திருப்பூர் பனியன் கம்பெனி. "ரெண்டு மாசம் போய்ட்டு வந்தா அவன் காலேஜ் ஃபீசுக்கு ஆகும், நீங்க வகுப்புக்கு வரச் சொல்றீங்களே" என்று ஒரு தாய் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் கல்வியைப் பற்றிப் பேசுவது வெறும் பிரசங்கம். அந்தக் கேள்வியால்தான் எங்கள் வகுப்பு இப்போது மாலை ஆறு மணிக்கு மேல் நடக்கிறது. வெளியூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு அதுவும் எட்டாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1946 இல் அம்பேத்கர் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது வேலைக்குப் போகிற மாணவர்களுக்காகக் காலை நேர வகுப்புகள் வைத்தார். கூலியை நிறுத்தாமல் படிக்க வழி செய்வது என்பதை அவர் கல்வித் திட்டத்துக்குள்ளேயே சேர்த்தார். பிரின் மார் அதைச் செய்யவில்லை. எட்டு வாரக் கூலியைப் பணயம் வைக்கத் துணிந்தவள்தான் அங்கே வர முடிந்தது.

4

அங்கே என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? பொருளாதாரமும் ஆங்கிலக் கட்டுரை எழுதுதலும் மையம். அதோடு வரலாறு, இலக்கியம், உளவியல், அறிவியல், மேடைப் பேச்சு. வானியலும் உண்டு. தொலைநோக்கி வழியாக நட்சத்திரம் பார்த்தார்கள். பசிக்கிற கூட்டத்துக்கு நட்சத்திரம் எதற்கு என்று இங்கேயும் சில தோழர்கள் கேட்பார்கள். பசிக்கிறவளுக்குச் சோறு மட்டும் போதும், மற்ற எதுவும் வேண்டாம் என்று முடிவு கட்டுவது யார்? மனு கட்டிய முடிவும் அதுதானே.

கற்பித்த முறையில் இரண்டு விஷயங்களைக் குறிப்பிட வேண்டும். பொருளாதாரம் பாடப்புத்தகத்திலிருந்து தொடங்கவில்லை, மாணவியின் கூலியிலிருந்து தொடங்கியது. உன் கூலி எவ்வளவு? ஆண் தொழிலாளிக்கு எவ்வளவு? வருடத்தில் எத்தனை வாரம் வேலை இல்லை? அந்தச் சம்பளத்தில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள்? ஏமி ஹ்யூஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியை இந்தக் கேள்விகளை மாணவிகளையே ஆய்வாக நடத்த வைத்தார். குடும்பத்தைத் தாங்கும் பெண் தொழிலாளர் பற்றி 1925 இலும், வேலை மாற்றம் பற்றி 1926 இலும், பொருளாதார நெருக்கடியின் மூன்றாம் ஆண்டில் பெண் தொழிலாளர் நிலை பற்றி 1933 இலும் அந்த ஆய்வுகளை அமெரிக்க அரசின் பெண் தொழிலாளர் துறை அறிக்கைகளாக அச்சிட்டது. அதுவரை யாரோ வந்து அவர்களைக் கணக்கெடுத்தார்கள். இப்போது அவர்களே கணக்கெடுத்தார்கள். எத்தனை ஆய்வாளர்கள் நம் சேரிகளுக்குள் நோட்டோடு வந்து எதையெல்லாம் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்க்கிறவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அடுத்தது, ஆங்கில வகுப்பில் எழுதச் சொன்ன விஷயம். உன் வாழ்க்கையை எழுது, உன் முதல் நாள் வேலையை எழுது, உன் மேஸ்திரியை எழுது. பெண்கள் எழுதினார்கள். அந்த எழுத்துகளைப் பள்ளியே இதழாக அச்சிட்டுப் பரப்பியது. இலக்கணம் சரியானதும் எழுதலாம் என்று யாரும் காக்க வைக்கவில்லை. எழுதுவதற்கு விஷயம் இருந்தது. எழுத எழுத மொழி வந்தது. தன்வரலாறும் சாட்சியமும் தலித் இலக்கியத்தின் உயிர்நாடி என்று நாம் சொல்கிறோம். அது எழுத்தறியாதவர்களின் ஒப்பாரி என்று பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் முகம் சுளித்த காலம் உண்டு. நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது, வகுப்பில் என் ஊர்ப் பேச்சில் ஒரு கட்டுரை வாசித்தேன். "இது தமிழா?" என்று கேட்டார் ஒரு பேராசிரியர். வகுப்பே சிரித்தது. சங்க இலக்கியத்தில் புலைத்தியும் துடியனும் வருகிற பாட்டுகளை உருகி உருகி நடத்துகிற அதே வாய்தான். கவிதையில் வருகிற பறை இனிக்கும். பறைச்சேரிப் பேச்சு கசக்கும்.

எங்கள் மே மாத வகுப்பிலும் முதல் பயிற்சி இதுதான். அப்பா, அம்மா செய்கிற வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுது. போன ஆண்டு ஒரு பையன் முழுத் தாளில் 'கூலி' என்று ஒரே ஒரு சொல் எழுதிக் கொடுத்தான். என்ன கூலி, எங்கே, எத்தனை மணிக்குப் போவார், கையில் என்ன இருக்கும், சாப்பாடு யார் தருவார், எந்தப் பாத்திரத்தில் தருவார் என்று கேட்கக் கேட்க மறுநாள் நாலு பக்கம் வந்தது. அந்த நாலு பக்கத்தில் பொருளாதாரமும் இருந்தது, சாதியும் இருந்தது. கல்லூரி முதலாண்டில் 'சமூகக் கட்டமைப்பு' என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதும்போது அவன் மிரள மாட்டான். அது அவன் வீட்டுச் சமாச்சாரம்.

நிர்வாகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளியை நடத்திய குழுவில் பாதி இடம் தொழிலாளர் தரப்புக்குத் தரப்பட்டது. என்ன பாடம், யாரைச் சேர்ப்பது என்பதில் படிக்கிறவர்களுக்கு வாக்கு இருந்தது. சங்கத்தில் இருக்கிறவர்கள், இல்லாதவர்கள் இருதரப்பையும் கலந்து எடுத்தார்கள். பட்டமோ மதிப்பெண்ணோ கிடையாது. படித்து முடித்துத் தன் தொழிலுக்கே, தன் சனங்களிடமே திரும்பிப் போக வேண்டும், அங்கே போய் அமைப்பு கட்ட வேண்டும் என்பது நோக்கம். நமக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. நீ உன் தொழிலுக்கே திரும்பிப் போ என்று தலித்துக்குச் சொன்னால் அதற்குப் பெயர் குலக்கல்வி. 1953 இல் ராஜாஜி கொண்டு வந்ததை மறந்துவிட முடியாது. ஆகவே பட்டமும் வேண்டும், சனங்களிடம் திரும்புவதும் வேண்டும். தொழில் சாதியாக இறுகாத சமூகத்துக்குப் பொருந்துகிற இலட்சியத்தை அப்படியே பெயர்த்து எடுத்துக்கொண்டு வர முடியாது.

5

இனி காறித் துப்ப வேண்டிய பகுதி.

1921 இல் வந்த 82 பேரில் கறுப்பினப் பெண் ஒருத்திகூட இல்லை. ஆனால் அந்தக் கல்லூரி வளாகத்தில் கறுப்பினப் பெண்களே இல்லையா? இருந்தார்கள். விடுதி அறைகளைக் கூட்டினார்கள், படுக்கை விரித்தார்கள், சமையல் கட்டில் நின்றார்கள். அதே கட்டடங்களில் ஒதுக்குப்புறமான அறைகளில் தங்கி வேலை செய்தார்கள். மாணவியர் கண்ணில் படாமல் வேலைக்காரர் போய்வர நிலத்தடிப் பாதைகள்கூட இருந்தன. புழக்கடை வழி என்று நம் ஊரில் சொல்வோமே, அதே ஏற்பாடு.

கோடைப் பள்ளியின் பெயரிலேயே பதில் இருக்கிறது: 'தொழில்துறைப் பெண் தொழிலாளருக்கான' கோடைப் பள்ளி. வீட்டு வேலை அந்தக் கணக்கில் சேரவில்லை. 1920 மக்கள்தொகைக் கணக்கின்படி அமெரிக்காவில் வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது பேர் வீட்டு வேலையிலும் விவசாயத்திலும் இருந்தார்கள். ஆலைக்குள் அவர்களை விடவில்லை. ஆலைக்குள் விடாமல் வைத்துவிட்டு, ஆலையில் வேலை செய்கிறவளுக்குத்தான் இடம் என்று விதி எழுதினால் அதற்கு மேல் நிறத்தைக் குறிப்பிட்டு விலக்க வேண்டிய தேவையே இல்லை. விதியின் வாசகத்தில் இனம் இருக்காது. விதியின் வேலை இனம் பார்த்து நடக்கும். நம் ஊரில் 'தகுதி', 'திறமை' என்ற சொற்கள் செய்கிற வேலை இதுதான்.

கேரி தாமஸ் தன் கருத்தை மறைத்தவரும் அல்ல. 1916 இல் கல்லூரி திறப்பு நாள் உரையில் வெள்ளை இனங்களின் மேன்மையைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். அதற்கும் முன்னால் நடந்தது ஜெஸ்ஸி ஃபாஸெட்டின் விவகாரம். ஃபிலடெல்ஃபியாவின் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் 1900 இல் சிறந்த மாணவியாகத் தேறிய கறுப்பினப் பெண் அவர். அப்படித் தேறுகிறவர்கள் பிரின் மாருக்கு உதவித்தொகையோடு போவது வழக்கம். தாமஸ் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பெண் வேறு கல்லூரிக்குப் போக உதவி ஏற்பாடு செய்தார். கதவைச் சாத்தவில்லை, பக்கத்து வீட்டுக் கதவைக் காட்டினார். ஃபாஸெட் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்து 1905 இல் பட்டம் வாங்கினார். 1919 முதல் 'தி க்ரைசிஸ்' இதழின் இலக்கிய ஆசிரியராக இருந்தார். பிரின் மார் கோடைப் பள்ளி தொடங்கிய அதே 1921 ஜூன் மாதத்தில், அந்த இதழில் லாங்ஸ்டன் ஹியூஸின் நதிகள் பற்றிய கவிதை வெளிவந்தது. ஹார்லெம் மறுமலர்ச்சி என்று பின்னால் உலகமே கொண்டாடிய இலக்கிய எழுச்சிக்குத் தாதியாக இருந்தவர்களில் ஒருவர் ஃபாஸெட். பிரின் மார் எதை வெளியே அனுப்பியது என்று பாருங்கள்.

பெண் விடுதலைக்காக உலகைச் சுற்றியவர், தன் படுக்கையை விரிக்கிறவளைப் பெண் கணக்கில் சேர்க்கவில்லை. 'பெண்' என்ற சொல்லுக்குள் எந்தப் பெண் என்று தலித் பெண்கள் இங்கே கேட்கத் தொடங்கியபோது, பெண் ஒற்றுமையைக் குலைக்கிறீர்கள் என்றார்கள். அது இல்லாத ஒற்றுமை. இல்லாததை எப்படிக் குலைப்பது?

அந்த வேலைக்காரப் பெண்களை முதலில் கண்ணெடுத்துப் பார்த்தவர்கள் யார்? பேராசிரியைகள் அல்ல, ஆலையிலிருந்து வந்த மாணவிகள். எங்களுக்கு எட்டு மணி நேர வேலை வேண்டும் என்று ஊரெல்லாம் கேட்கிறோம், நம் அறையைக் கூட்டுகிறவளுக்கு எத்தனை மணி நேரம் வேலை என்று தொடக்க ஆண்டுகளிலேயே கேள்வி எழுப்பினார்கள். வளாகப் பணிப்பெண்களுக்கும் எட்டு மணி நேரம் வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். பிறகு கறுப்பினப் பெண்களை மாணவிகளாகச் சேர்க்க வேண்டும் என்று வாதாடினார்கள். சில ஆண்டுகள் விவாதம் நடந்தது. தெற்கு மாநிலத்து வெள்ளைப் பெண்கள் வராமல் போய்விடுவார்கள், பணம் தருகிறவர்கள் பின்வாங்குவார்கள் என்ற பயமெல்லாம் பேசப்பட்டது. கடைசியில் 1926 கோடையில் ஐந்து கறுப்பினப் பெண்கள் மாணவிகளாக உள்ளே வந்தார்கள்.

ஐந்து பேர். பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். பிரின் மார் கல்லூரி தன் முறையான பட்டப்படிப்பில் முதல் கறுப்பின மாணவி பட்டம் வாங்கப் பார்த்தது 1931 இல். அவர் ஈனிட் குக். 1927 இல் சேர்ந்தவர். சேர்த்தார்களே தவிர விடுதியில் இடம் தரவில்லை. வெளியே தங்கித்தான் படித்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மேதைகள் நடத்திய கல்லூரி செய்யாததை, எட்டு வாரம் வந்து போன ஆலைக்காரிகள் அதற்கு ஓராண்டு முன்னாலேயே செய்ய வைத்தார்கள்.

எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. பிரின் மாரைப் பார்த்து விஸ்கான்சினிலும், நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியிலும் கோடைப் பள்ளிகள் வந்தன. 1927 இல் தென் மாநிலப் பெண் தொழிலாளருக்கென்று ஒரு கோடைப் பள்ளி தொடங்கியது. அது வெள்ளைப் பெண்களுக்கு மட்டும். ஊர் வழக்கத்தை மீறினால் பள்ளியே நடக்காது என்பது அவர்கள் சொன்ன காரணம். முதலாளியை எதிர்க்கத் துணிந்தவர்கள் ஊர் வழக்கத்தை எதிர்க்கத் துணியவில்லை.

அதே 1921 கோடையில் சென்னைப் பெரம்பூரில் என்ன நடந்தது? பக்கிங்ஹாம் கர்னாட்டிக் ஆலை வேலைநிறுத்தம். சாதி இந்துத் தொழிலாளருக்கும் ஆதிதிராவிடத் தொழிலாளருக்கும் பிளவு வந்தது. புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. தொழிற்சங்க வரலாற்றில் ஆதிதிராவிடர் கருங்காலிகள் என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் ஏன் அந்தச் சங்கத்தைத் தங்கள் சங்கமாக நினைக்க முடியவில்லை என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்? பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவுக்குள் தீண்டப்படாதவரை விடவில்லை. அறுந்த நூலை எச்சில் தொட்டு முடிய வேண்டும், அவன் எச்சில் பட்ட நூலை நாங்கள் தொடுவதா என்றார்கள் சகதொழிலாளிகள். அதிகக் கூலி நெசவில்தான். 1938 இல் மன்மாடு ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர் பார்ப்பனியம், முதலாளியம் என்று இரண்டு எதிரிகளைச் சுட்டிக்காட்டியது இந்த அனுபவத்திலிருந்துதான். வர்க்கம் ஒன்று என்பதால் சோற்றுப் பானை ஒன்றாகிவிடாது.

6

பிரின் மார் கோடைப் பள்ளியின் முடிவும் பாடம்தான். 1934 இல் நியூஜெர்சியின் சீப்ரூக் பண்ணையில் வேலைநிறுத்தம் நடந்தது. காய்கறி விளைவித்துப் பதப்படுத்துகிற பெரிய பண்ணை. போராடியவர்கள் கறுப்பினத் தொழிலாளரும் இத்தாலியத் தொழிலாளரும். ஏப்ரலில் கூலி உயர்வு வாங்கினார்கள். கோடையில் அதைப் பிடுங்கப் பார்த்தார்கள். மறுபடி வேலைநிறுத்தம், கண்ணீர்ப்புகை, அடிதடி. கோடைப் பள்ளி ஆசிரியர்களில் சிலர் அதைப் பார்க்கப் போனார்கள். நாங்கள் பார்வையாளர்களாகத்தான் போனோம் என்றார்கள். கல்லூரியின் அறங்காவலர்களுக்கு அதுவே பொறுக்கவில்லை. 1935 கோடையில் வளாகத்தில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பள்ளி வேறிடத்தில் நடந்தது. பிறகு மறுபடி சில ஆண்டுகள் வளாகத்துக்குள் விட்டார்கள். 1938 தான் கடைசி. அடுத்த ஆண்டு ஹில்டா ஸ்மித் ஹட்சன் ஆற்றங்கரையில் இருந்த தன் குடும்ப வீட்டைத் தந்தார். அங்கே ஹட்சன் ஷோர் தொழிலாளர் பள்ளி தொடங்கியது.

வகுப்பறைக்குள் கூலியைப் பற்றிப் பதினாலு வருடம் பேச அனுமதித்தவர்கள், கூலி கேட்டு நிற்கிறவர்களைப் போய்ப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். அதிலும் கறுப்பர்கள் நின்ற வயல்காட்டுப் பக்கம் போனதும். கல்லூரி தரும் சுதந்திரத்தின் எல்லை இது. இன்றைக்கும் அம்பேத்கர் பெயரில் கருத்தரங்கம் நடத்த மண்டபம் தருவார்கள். கருத்தரங்கம் முடிந்து மாணவர்கள் துப்புரவுத் தொழிலாளர் போராட்டப் பந்தலுக்குப் போய் உட்கார்ந்தால் மறுநாள் முதல்வர் அறைக்கு அழைப்பு வரும்.

பதினெட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 1,700 பெண்கள் படித்துப் போனார்கள். ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த தையல்காரி ரோஸ் பெசோட்டா அங்கே படித்தவர். பின்னாளில் சர்வதேசப் பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் துணைத் தலைவர்களில் ஒருவராகி, ஊர் ஊராகப் போய்ச் சங்கம் கட்டினார். அங்கே கற்பித்தவர்களும் மாறிப் போனார்கள். எஸ்தர் பீட்டர்சன் விளையாட்டும் நாடகமும் சொல்லிக்கொடுக்க வந்தவர். கென்னடி காலத்தில் தொழிலாளர் துறை உதவிச் செயலாளரானார். 1984 இல் பழைய மாணவிகள் கிழவிகளாக மறுபடி அந்த வளாகத்தில் கூடினார்கள். அதை ஆவணப் படமாகவும் எடுத்தார்கள். எட்டு வாரம் படித்ததை ஐம்பது ஆண்டுகள் சுமந்திருக்கிறார்கள். ஆண்டுக் கணக்கில் படித்துப் பட்டம் வாங்கிய நம்மில் பலருக்குக் கல்லூரியைப் பற்றி நினைத்தால் எது முதலில் ஞாபகத்துக்கு வருகிறது? உதவித்தொகைக்காக வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னது. விடுதிச் சோற்றில் கிடந்த புழு.

கல்லூரி இப்போது தன் பழைய கணக்கைத் திரும்பிப் பார்க்கிறது. நூலகக் கட்டடத்துக்கு இருந்த தாமஸ் பெயரை 2018 இல் கைவிட்டார்கள். சுவரில் பொறித்திருந்த எழுத்தையும் அகற்ற 2023 இல் முடிவெடுத்தார்கள். அந்த வளாகத்தில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளரின் பெயர்கள் பொறித்த கற்களைப் பாதையாகப் பதித்த நினைவிடம் 2025 இல் திறக்கப்பட்டது. வேலைக்காரர்களின் வரலாற்றைத் தோண்டி எடுத்ததில் மாணவிகளின் பங்கு பெரிது. பெயர் வந்துவிட்டது, நல்லது. கல்லில் பெயர் பொறிப்பதும் வகுப்பறையில் நாற்காலி தருவதும் ஒன்றல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்போது நம் பக்கம் வருவோம். கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களுக்குப் 'பிரிட்ஜ் கோர்ஸ்' நடத்துகிறார்கள். ஆங்கிலம் பேசப் பழக்குகிறார்கள், பழக்க வழக்கம் சொல்லித் தருகிறார்கள். குறை பிள்ளையிடம் இருக்கிறது, அதை நிரப்பி அனுப்புகிறோம் என்ற நினைப்பில் நடக்கிற வகுப்பு அது. பாலம் என்றால் இருபக்கமும் போய்வர வேண்டும். பிள்ளை கல்லூரிக்குப் போகிறது சரி, கல்லூரி சேரிக்கு வருமா? பிரின் மாரின் நல்ல ஆண்டுகளில் அது கொஞ்சம் நடந்தது. ஆலைக்காரிகளின் கூலிக் கணக்கு பொருளாதாரப் பாடமானது, அவர்கள் வாழ்க்கை ஆங்கிலப் பாடமானது, அவர்கள் கேட்ட கேள்வியில் பணிப்பெண்ணின் வேலை நேரம் விவாதமானது.

ஊர் ஊராக மே மாதத்தில் இப்படி வகுப்பு நடத்துகிற தோழர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். வகுப்பை நடத்தும் குழுவில் படிக்கிற பிள்ளைகளையும் அவர்களுடைய அம்மாக்களையும் சேருங்கள். பிள்ளைகள் எழுதுகிற கட்டுரைகளைத் தூக்கிப் போடாமல் அச்சிடுங்கள். நகல் எடுத்துத் தைத்தாலும் போதும். வேலைக்குப் போகிற பிள்ளைக்கு ஏற்றபடி நேரத்தை வையுங்கள். நம் வகுப்புக்குள் வராதவர் யார் என்று ஒவ்வொரு ஆண்டும் பட்டியல் போட்டுப் பாருங்கள். எங்கள் பகுதியில் அருந்ததியர் தெருவிலிருந்து மூன்று ஆண்டுகளாக ஒரு பெண்பிள்ளைகூட வரவில்லை. வரும் மே மாதம் வகுப்பை அந்தத் தெருவிலேயே வைப்பதாக முடிவு செய்திருக்கிறோம்.